எடைச் சீட்டில் கறுப்புக் கோடு: கைவிடத்தக்க நினைவகம் தகராறு செய்யும்போது

கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள சில மாங்கூழ் ஆலைகளின் எடைமேடைகளில் ஓடும் ஒரு சின்ன நிரலைப் பராமரிப்பது என் வேலை. லாரி மேடையில் ஏறியதும் நான்கு கேமராக்கள் படம் எடுக்கும். மொத்த எடை, வண்டி எண், படம் மூன்றும் ஒரே சீட்டில் அச்சாகும். சரக்கை இறக்கிவிட்டு வண்டி வெறுமையாகத் திரும்பும்போது பழைய படத்தையும் திரையில் காட்ட வேண்டும். பெட்டியில் இருப்பது 2 ஜிபி நினைவகம். ஒரு முழு அளவுப் படத்தை அதன் சுருக்கிய ஜேபெக் கோப்பிலிருந்து விரித்தால் 62,20,800 பைட். நான்கு கேமரா என்றால் ஒரு லாரிக்கு 25 எம்பி, நாற்பது லாரிக்கு ஏறக்குறைய 1 ஜிபி.

ஆகவே விரித்த படங்களை வைத்துக்கொண்டே, "இடம் தட்டினால் இவற்றை நீ எடுத்துக்கொள்ளலாம், நான் வட்டிலிருந்து மறுபடி விரித்துக்கொள்கிறேன்" என்று லினக்ஸ் கர்னலிடம், அதாவது இயக்குதளத்தின் மையப் பகுதியிடம், சொல்லிவைக்கிறோம். மேட்வைஸ் (madvise) என்ற அழைப்பில் ஃப்ரீ (MADV_FREE) என்ற குறியைக் கொடுத்தால் போதும். கர்னல் 4.5 முதல், அதாவது 2016 முதல், இந்த வசதி இருக்கிறது.

வசதி நல்லதுதான். ஆனால் இதன் கோளாறுகள் மாசியில் தலைகாட்டாது. பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்து, வண்டிகள் சாலைவரை வரிசை கட்டி நிற்கும் ஆனி மாதத்தில்தான் வரும். கர்னல் பக்கங்களை, அதாவது நினைவகத்தின் சிறு துண்டுகளை, பிடுங்குவது நினைவக நெருக்கடி வரும்போது மட்டும் என்பதே காரணம். மூன்று பருவங்களாக ஒரே கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்த பிறகு இதை எழுதிவைக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

எல்லாவற்றுக்கும் முன்: குறியை அணைத்துப் பாருங்கள்

குறி போடும் அழைப்பை அமைப்புக் கோப்பிலிருந்து அணைக்கும் வசதி உங்கள் நிரலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றைக்கே சேருங்கள், ஐந்து வரி வேலை. அணைத்த பிறகும் கோளாறு தொடர்ந்தால் கடைசித் தலைப்புக்குப் போங்கள். நின்றுவிட்டால் கீழே தொடருங்கள்.

அறிகுறி: குறி போட்டும் நிரலின் நினைவகம் குறையவே இல்லை

இந்தப் புகாரில் பெரும்பாலானவை கோளாறே அல்ல. ஃப்ரீ குறி என்பது அனுமதி. கர்னல் அதை உடனே பயன்படுத்திக்கொள்ளக் கடமைப்பட்டதல்ல. நெருக்கடி வரும்வரை அந்தப் பக்கங்கள் உங்கள் நிரலின் கணக்கிலேயே நிற்கும். நிரல்களின் நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் டாப் கருவியில் எண் இறங்காது. ஆலையின் கணக்குப்பிள்ளை திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்கள் நிரல் முக்கால் மெமரியைத் தின்றுவிட்டது" என்று தொலைபேசியில் சொன்னபோது நானும் ஒருநாள் முழுக்கத் தேடினேன். தேட ஒன்றுமில்லை.

*குறி பதிந்ததா என்று பாருங்கள்.* ப்ராக் (/proc) அடைவில் உங்கள் நிரலின் எண்ணுக்குள் எஸ்மேப்ஸ் என்ற கோப்பு இருக்கும். அதில் லேசிஃப்ரீ என்ற வரி, குறியிட்டு இன்னும் பிடுங்கப்படாத அளவைச் சொல்லும். கர்னல் 4.12 முதல் இந்த வரி உண்டு. சற்றுக் குறைத்துக் காட்டலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம். எதிர்பார்த்த அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் எல்லாம் சரி. தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டு வேறு வேலை பாருங்கள்.

*லேசிஃப்ரீ பூஜ்யமாக இருந்தால்*, அழைப்பு திருப்பித் தரும் மதிப்பை உங்கள் நிரல் கவனிக்கிறதா என்று பாருங்கள். நிரல் கர்னலுக்கு விடும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியில் மேட்வைஸ் அழைப்பை மட்டும் வடிகட்டி ஓடவிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். செல்லாத மதிப்பு என்ற பிழை, அதாவது எண் 22 வந்தால் காரணங்கள் இவற்றில் ஒன்று: தொடக்க முகவரி பக்க எல்லையில் இல்லை, அந்த நினைவகம் எம்லாக் மூலம் பூட்டப்பட்டிருக்கிறது, அது கோப்புடனோ பகிர்வு நினைவகத்துடனோ இணைந்தது, அல்லது கர்னல் 4.5க்கும் பழையது. ஃப்ரீ குறி தனிப்பட்ட, கோப்பு சாராத நினைவகத்துக்கு மட்டுமே செல்லும். மூன்றாவது காரணம் என்றால் படங்களை எம்மேப் (கர்னலிடம் நேராக நினைவகம் கேட்கும் அழைப்பு) மூலம் தனி நினைவகமாக எடுப்பதுதான் வழி.

*பிழையும் இல்லை, லேசிஃப்ரீயும் பூஜ்யம் என்றால்*, குறி போட்ட கையோடு யாரோ அந்தப் பக்கத்தில் எழுதுகிறார்கள். ஒரு பைட் எழுதினாலும் அந்தப் பக்கத்தின் குறி ரத்து. நான் செய்த தவறு இதுதான்: மேட்வைஸை அழைத்துவிட்டு, அடுத்த வரியில் "இது குறியிடப்பட்டது" என்ற அடையாளத்தை அதே பக்கத்தின் தலையில் எழுதினேன். கதவைத் திறந்துவைத்துவிட்டு அடுத்த நொடியே பூட்டுவதைப் போல. அடையாளத்தை முதலில் எழுதி, குறியைக் கடைசியில் போடுங்கள்.

*அதுவும் இல்லையென்றால்* ஃபோர்க். நிரல் ஒரு சேய் நிரலைப் பிறப்பித்து, பக்கங்களை இரண்டும் பகிர்ந்துகொண்டிருந்தால், அந்தப் பக்கங்களைக் கர்னல் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். பிழையும் தராது. அச்சுப் பணிக்கென ஒரு சேயைப் பிறப்பித்துவிட்டு அதை உயிரோடு விட்டுவைத்திருந்தோம். அதைப் படங்களை விரிக்கும் முன்பே பிறப்பிக்கும்படி மாற்றியதும் தீர்ந்தது.

எண் கண்டிப்பாக இறங்கியே ஆக வேண்டும், கண்காணிப்புக் கருவி அலறுகிறது என்றால், ஃப்ரீயை விட்டு டோன்ட்நீட் குறிக்கு மாறுவது ஒன்றே வழி. அதில் பக்கம் அந்தக் கணமே போய்விடும், திரும்ப எடுக்க வாய்ப்பில்லை. இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. கோ நிரல் மொழியே 1.12 பதிப்பில் ஃப்ரீக்கு மாறி, நினைவகம் குறையவில்லை என்று எல்லோரும் குழம்பியதால் 2021இல் வந்த 1.16இல் டோன்ட்நீட்டுக்குத் திரும்பியது. உங்கள் நிரல் கோ மொழியில் எழுதப்பட்டு இடைப்பட்ட பதிப்பில் நின்றிருந்தால், பதிப்பை உயர்த்தினாலே இந்தப் புகார் போய்விடும்.

அறிகுறி: படத்தில் கறுப்புக் கோடு, அல்லது தற்காலிகச் சேமிப்பில் திடீர்ப் பூஜ்யங்கள்

ஆனி மாதத்து அழைப்புகளில் பாதி இதுதான். லாரியின் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு, சில நேரம் பட்டையாக. ஒரு பக்கம் என்பது 4096 பைட், அதில் 1365 புள்ளிகள் அடங்கும். படத்தின் ஒரு வரியில் 1920 புள்ளிகள். ஆகவே கோடு படத்தின் முழு அகலத்துக்கு ஓடாமல் முக்கால் அளவில் நின்றுவிடும். கோட்டின் நீளம் அப்படி இருந்தால் கேமராவைக் கழற்ற வேண்டாம். கர்னல் ஒரு பக்கத்தைப் பிடுங்கியிருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை.

*முதல் சந்தேகம்: படித்தால் போதும் என்று நினைத்திருக்கிறீர்கள்.* குறியிட்ட பக்கத்தைப் படிப்பது அதை மீட்காது. இப்போது படித்தால் படம் வரும், இரண்டு நிமிடம் கழித்துப் படித்தால் பூஜ்யம் வரும். இரண்டும் சட்டப்படி சரி. எழுதினால் மட்டுமே அந்தப் பக்கம் மறுபடி உங்களுடையது.

*இரண்டாவது சந்தேகம்: பார்த்துவிட்டு எழுதுகிறீர்கள்.* "அடையாளம் இருக்கிறதா என்று படி, இருந்தால் எழுதி மீட்டுக்கொள்" என்று எழுதியிருந்தால் அது ஓட்டை. படித்ததற்கும் எழுதியதற்கும் இடையே கர்னல் பக்கத்தைப் பிடுங்கிவிடலாம். அப்போது உங்கள் எழுத்து ஒரு புத்தம்புதுப் பூஜ்யப் பக்கத்தில் விழும். அடையாளம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு கறுப்புப் படத்தை அச்சடிப்பீர்கள். மேசையில் சோதிக்கும்போது இது ஒருபோதும் வராது. இருபது லாரி வரிசையில் நிற்கும்போது வரும்.

சரியான வரிசை: ஒவ்வொரு பக்கத்திலும் 8 பைட்டை அடையாளத்துக்கு ஒதுக்குங்கள். குறி போடும் முன் அதில் 1 என்று எழுதுங்கள். மீட்கும்போது பிரிக்க முடியாத ஒரே செயலாக 1ஐக் கூட்டி, கூட்டுவதற்கு முன் இருந்த மதிப்பைக் கையில் வாங்குங்கள். அது பூஜ்யம் என்றால் பக்கம் போய்விட்டது. பூஜ்யம் இல்லையென்றால் பக்கம் உயிரோடு இருக்கிறது, இனி கர்னல் தொடாது. படத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் இதைச் செய்ய வேண்டும். முதல் பக்கம் பிழைத்திருப்பதால் மற்றவையும் பிழைத்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒன்று போயிருந்தாலும் முழுப் படத்தையும் ஜேபெக் கோப்பிலிருந்து மறுபடி விரித்துவிடுங்கள். அடையாளத்துக்கு இடம் விட்டால் ஒரு படத்துக்கு 1519 பக்கங்கள் என்பது 1522 ஆகும். மூன்று பக்கத்துக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

சிலர் புத்திசாலித்தனமாக 1க்குப் பதில் பூஜ்யத்தைக் கூட்டுவார்கள், மதிப்பு மாறாதே என்று. வேண்டாம். "மாற்றம் இல்லாத எழுத்து" என்று கண்டுகொண்டு அதை வெறும் வாசிப்பாகச் சுருக்கும் கம்பைலர்கள் இருக்கின்றன. வாசிப்பு மீட்காது என்று இப்போதுதான் பார்த்தோம்.

*திருத்திய பிறகு சோதிப்பது எப்படி?* பருவம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கர்னல் 5.19 முதல், இரண்டாம் பதிப்பு சிகுரூப்பில் (சேவைகளைக் குழுவாக்கி வளங்களுக்கு வரம்பிடும் கர்னல் வசதி) ஒவ்வொரு சேவையின் அடைவிலும் மெமரி ரிக்ளெய்ம் என்ற கோப்பு இருக்கிறது. நிர்வாகி உரிமையோடு அதில் 200 எம்பி என்று எழுதினால், அந்தச் சேவையிடமிருந்து அவ்வளவு நினைவகத்தைப் பிடுங்கக் கர்னல் முயலும். குறியிட்ட பக்கங்கள் முன்வரிசையில் போகும். கர்னல் பழையது என்றால் மெமரி ஹை வரம்பைச் சற்று நேரம் தாழ்த்தி உயர்த்துங்கள், அதே விளைவு. கர்னலின் வட்டுத் தற்காலிகச் சேமிப்பைக் காலி செய்யும் ட்ராப் கேஷஸ் இதற்கு உதவாது, அது இந்தப் பக்கங்களைத் தொடுவதே இல்லை. ப்ராக் அடைவின் விஎம்ஸ்டாட் கோப்பில் பிஜிலேசிஃப்ரீட் என்ற எண் ஏறியிருந்தால் பக்கங்கள் உண்மையிலேயே பிடுங்கப்பட்டன என்று பொருள். அப்படி ஏறியும் படத்தில் கோடு விழவில்லை என்றால் உங்கள் திருத்தம் நிற்கிறது.

*எப்போது ஆளை அழைப்பது:* பல இழைகள் (நிரலுக்குள் இணையாக ஓடும் பணிகள்) ஒரே படத்தை ஒரே நேரத்தில் மீட்டு, ஒரே நேரத்தில் குறியிடும் அமைப்பாக இருந்தால். இங்கே என் கை எட்டாது. மேலே சொன்ன பிரிக்க முடியாத செயல்களில் பழகிய ஒருவர் நிரலை வரிவரியாகப் பார்க்க வேண்டும். அதுவரை குறியை அணைத்துவிட்டு, வைத்திருக்கும் படங்களின் எண்ணிக்கையைப் பத்தாகக் குறையுங்கள். ஆலை ஓடும்.

அறிகுறி: படம் சரி, படத்தோடு சேர்ந்த தகவல் காலி

"தம்பி, சீட்டில் லாரி இருக்கிறது, நம்பர் இல்லை." காவேரிப்பட்டணம் சாலையில் உள்ள ஓர் ஆலையிலிருந்து வந்த இந்த அழைப்புக்கு விடை கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. டிஎன் 24 என்று தொடங்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. சில சீட்டுகளில் மட்டும்.

மேட்வைஸ் தொடக்க முகவரியில் கண்டிப்பானது, பக்க எல்லையில் இல்லையென்றால் பிழை தரும். நீளத்தில் அப்படி இல்லை. அடுத்த பக்க எல்லைவரை தானாக உயர்த்திக்கொள்ளும், எச்சரிக்கையும் கிடையாது. அப்போது நாங்கள் அடையாளம் எதுவும் வைக்காமல் படத்தை நெருக்கி அடுக்கியிருந்தோம். 62,20,800 பைட்டை 4096ஆல் வகுத்தால் 1518 முழுப் பக்கங்கள் போக மீதி 3072. கடைசிப் பக்கத்தில் படம் முடிந்த பின்னும் 1024 பைட் இடம் இருந்தது. அந்த இடத்தை வீணாக்குவானேன் என்று வண்டி எண்ணையும் நேரத்தையும் அங்கேயே வைத்தவன் நான்தான். கர்னல் கடைசிப் பக்கத்தைப் பிடுங்கியபோது எண்ணும் சேர்ந்து போயிற்று.

*முதலில்*, குறியிடும் நீளத்தைப் பக்க அளவின் மடங்காகக் கீழ்நோக்கிச் சுருக்குங்கள். கடைசித் துண்டுப் பக்கம் குறியில்லாமல் இருந்துவிட்டுப் போகட்டும். இது ஒரு வரித் திருத்தம்.

*அடுத்து*, மல்லாக் (சி மொழியில் நினைவகம் ஒதுக்கும் வழக்கமான அழைப்பு) தந்த நினைவகத்தில் நேராகக் குறி போடுகிறீர்களா என்று பாருங்கள். மல்லாக் துண்டுகளுக்கு இடையே தன் கணக்கையும் எழுதிவைக்கும். அது அழிந்தால் கோளாறு வெளிப்படும் இடத்துக்கும் காரணத்துக்கும் தொடர்பே இருக்காது. நிரல் எங்கோ ஒரு மூலையில் சரிந்து விழும். குறியிடப்போகும் எதையும் எம்மேப் மூலம் தனியே எடுங்கள்.

எடை, வண்டி எண், சீட்டு எண் போன்ற, மறுபடி உண்டாக்க முடியாத எதுவும் குறியிட்ட பகுதியில் இருக்கக் கூடாது. எடை பறிபோனால் விவசாயியோடு தகராறு, அதன் பிறகு நிரல் பேச்சு எடுபடாது.

அறிகுறி: குறியிட்ட கணமே எல்லாம் பூஜ்யம்

நெருக்கடியே இல்லை, பெட்டி காலியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஒரு படமும் மிஞ்சவில்லை. சேமிப்பு இருந்தும் இல்லாததைப் போல ஒவ்வொரு முறையும் விரிக்கிறது.

டோன்ட்நீட் குறி போட்டிருக்கிறீர்களா? பெயரைப் பார்த்தால் "இப்போதைக்கு வேண்டாம்" என்று மென்மையாகத் தோன்றும். லினக்ஸில் அதன் பொருள் "இப்போதே அழி". யூனிக்ஸ் வகை இயக்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தில் அதே பெயருள்ள அறிவுரை உள்ளடக்கத்தை அழிக்காது. லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியின் போசிக்ஸ் மேட்வைஸ் அதற்கு ஒன்றுமே செய்வதில்லை. ஒன்றைப் படித்துவிட்டு மற்றொன்றை எழுதியவர்கள் பலர்.

ஃப்ரீதான் என்றால் கர்னல் பதிப்பையும் ஸ்வாப்பையும் (நினைவகம் போதாதபோது பக்கங்களை ஒதுக்கிவைக்கும் இடம்) பாருங்கள். 4.12க்கு முந்தைய கர்னலில் ஸ்வாப் இல்லாவிட்டால் ஃப்ரீ குறியும் உடனே அழித்துவிடும். பழைய சின்னப் பெட்டிகளில் நினைவக அட்டை தேய்ந்துவிடும் என்று ஸ்வாப்பை அணைத்து வைத்திருப்பார்கள். கர்னலை உயர்த்த முடிந்தால் உயர்த்துங்கள். முடியாவிட்டால் இசட்ரேம் (பக்கங்களைச் சுருக்கி நினைவகத்திலேயே வைக்கும் வசதி) மூலம் சிறிதளவு ஸ்வாப் வையுங்கள். இரண்டும் முடியாத, விற்றவரே கைவிட்ட பெட்டி என்றால் மாற்றிவிடுவதுதான் மலிவு.

அறிகுறி: குறி போட்டும் பெட்டி திணறுகிறது, நிரல் கொல்லப்படுகிறது

கர்னல் பதிவேட்டில் நினைவகம் போதாமல் நிரலைக் கொன்ற செய்தி இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். இருந்தால், அந்தப் பொழுதுக்கு முன் லேசிஃப்ரீ எவ்வளவு இருந்தது என்பதுதான் கேள்வி. நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணைக் கோப்பில் எழுதிவைக்கும் ஒரு சிறு வேலையை அமைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால், கர்னலுக்குக் கொடுக்க உங்களிடம் ஒன்றுமே இல்லை. மிகத் தாமதமாகக் குறியிடுகிறீர்கள், அல்லது குறியிடப்படாத வேறு ஏதோ வளர்ந்துகொண்டிருக்கிறது. எங்கள் பெட்டியில் அது அச்சுக்காகக் காத்திருக்கும் சீட்டுகளின் வரிசை. அச்சுப்பொறியில் காகிதம் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கொல்லப்படவில்லை, திணறல் மட்டும் என்றால் பக்கம் பக்கமாகத் தனித்தனி அழைப்பு விடுகிறீர்களா என்று பாருங்கள். ஒரு படத்துக்கு 1519 அழைப்பு எதற்கு, ஒன்றே போதும். லாரி மேடையை விட்டு இறங்கிய மறுகணமே குறியிட்டு அடுத்த நொடியே மீட்கும் பழக்கம் இருந்தாலும் திணறும். ஐந்து நிமிடம் தொடாத படங்களுக்கு மட்டும் குறியிடுங்கள். ப்ராக் அடைவின் பிரஷர் பகுதியில் நினைவக நெருக்கடி அளவு உண்டு, கர்னல் 4.20 முதல். அது உயர்ந்தபடியே நின்றால் குறிகளால் ஆவது ஒன்றுமில்லை. 4 ஜிபி கொண்ட பெட்டி வாங்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: பழைய ஆண்ட்ராய்டு நிரல் புதிய கர்னலில் ஏறவில்லை

பலகைக் கணினிக்காக எழுதிய நிரலை லினக்ஸ் பெட்டிக்குக் கொண்டுவருபவர்களுக்கு இது நேரும். ஆண்ட்ராய்டின் பழைய பகிர்வு நினைவக வசதியான ஆஷ்மெம்மில் ஒரு பகுதியின் பின்னைக் (பறிபோகாமல் பிடித்துவைக்கும் குறி) கழற்றிவிட்டால் கர்னல் எடுத்துக்கொள்ளும். திரும்பப் பின் குத்தும்போது "இடையில் அழிக்கப்பட்டது" என்று நேராகவே சொல்லும். அருமையான ஏற்பாடு. ஆனால் 5.18இல் ஆஷ்மெம் கர்னலிலிருந்து நீக்கப்பட்டது. மாற்றாக வந்த மெம்எஃப்டியில் பின் குத்தும் வசதி இல்லை. ஃப்ரீ குறியும் மேலே சொன்ன அடையாளக் கூட்டலும்தான் கதி.

6.11இல் வந்த ட்ராப்பபிள் என்ற எம்மேப் வகையைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அதில் எழுதினாலும் பக்கம் மீளாது, எப்போதும் பறிபோகக்கூடியதாகவே இருக்கும். திரையில் காட்டிக்கொண்டிருக்கும்போதே படம் காணாமல் போகலாம் என்றால் எங்களுக்கு அது எதற்கு.

அறிகுறி: குறியை அணைத்தும் கோடு விழுகிறது

கோட்டின் நீளத்தை மறுபடி பாருங்கள். முழு அகலத்துக்கு ஓடினாலோ, கறுப்புக்குப் பதில் பச்சையோ ஊதாவோ என்றாலோ கேமரா வடத்தைக் கழற்றி மாட்டுங்கள். லாரிகள் அதிரும் மேடையில் இணைப்பு தளர்வது சாதாரணம். வட்டில் உள்ள ஜேபெக் கோப்பிலேயே கோடு இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். இருந்தால் நினைவகத்தைச் சந்தேகிக்கவே வேண்டாம்.

கோப்பு சுத்தமாக இருந்து, திரையில் மட்டும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் ஒற்றைப் புள்ளிகள் நிறம் மாறினால், மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் நினைவகப் பலகையை மாற்ற வேண்டியதுதான். பலகை மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்ட பெட்டி என்றால் வன்பொருள் ஆளிடம் கொடுங்கள். மெம்டெஸ்ட் சுத்தம், கர்னல் பதிவேட்டில் பக்கங்கள் பற்றிய எச்சரிக்கைகள் மட்டும் திரும்பத் திரும்ப வருகின்றன என்றால், உங்கள் லினக்ஸ் வெளியீட்டின் ஆதரவுக் குழுவிடம் பிழை பதிய வேண்டும். அவர்கள் கேட்பது கர்னல் பதிப்பு, அந்தப் பதிவேட்டின் முழு நகல், எஸ்மேப்ஸ் கோப்பு, ஸ்வாப் விவரம். கோடு விழுந்த சீட்டைப் படம் பிடித்து அனுப்பினால் அதை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, என்னாலும்கூட.